வளவுக்குள் இறங்கும் வானம்: செட்டிநாட்டு வீட்டுத் திருமணத்தில் ஒளி வேலை செய்யும் விதம்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் திருமணம் போன்ற சடங்குகள் நடக்கும் இடம் வளவு. திண்ணையும் முகப்பும் தாண்டி உள்ளே போனால் நான்கு புறமும் தாழ்வாரம், அதைத் தாங்கும் தூண்கள், நடுவே கூரையில்லாத முற்றம். நகரத்தார் குடும்பங்கள் திருப்பூட்டுதலை, அதாவது தாலி கட்டும் சடங்கை, இங்கே நடத்துகின்றன. விடுதிகளாக மாறிய சில வீடுகளில் இப்போது மற்றவர்களும் நெருங்கிய உறவினரை மட்டும் அழைத்து, அவசரமில்லாமல் திருமணம் செய்துகொள்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

இப்படியொரு வீட்டுக்குள் வரிசையாக எல்.இ.டி. விளக்குகளை நிறுத்தி, மண்டபத்தில் எடுப்பதைப் போலவே படம் எடுத்துச் செல்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகத்துக்கு எந்தப் பக்கமிருந்து எவ்வளவு ஒளி வேண்டும் என்பதற்கு அந்த வீடே விடை வைத்திருக்கிறது. அதைப் படிக்கக் கொஞ்சம் இயற்பியல் போதும்.

முதலில் அளவுகள். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் படும் தரையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதே முற்றத்தின் நிழல் பகுதியில் 10,000 லக்ஸ் அளவில். தாழ்வாரத்துக்குள் இரண்டு மூன்று அடி வைத்தால் ஆயிரம் இரண்டாயிரம்; உள்ளறையில் ஐம்பது இருந்தாலே அதிகம். வந்திருக்கும் உறவினர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. கண்மணி சுருங்கி விரிவதோடு விழித்திரையும் தன் கூருணர்வை மாற்றிக்கொள்வதால், பார்வை போகும் இடத்துக்கெல்லாம் கண் தனித்தனியாகப் பழகிக்கொள்கிறது. கேமராவோ ஒரு சொடுக்குக்கு ஒரே அளவில்தான் முழுக் காட்சியையும் பதிய முடியும். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவருக்கும் உள்ளறையின் தேக்குக் கதவுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். வெளிச்சத்தில் 2,000 மடங்கு வேறுபாடு. சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தையும் கருந்தேக்கு 5 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால் இன்னும் 16 மடங்கு. மொத்தம் 32,000 மடங்கு. புகைப்படக்காரர்களின் கணக்கில் ஒவ்வொரு இரட்டிப்பும் ஒரு ஸ்டாப். ஆக இது 15 ஸ்டாப். நல்ல கேமராவின் உணரிகூட 14 ஸ்டாப் அளவில் திணறத் தொடங்கிவிடும். எனவே வளவில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். விட்டுக்கொடுப்பது முகமாக இருக்கக் கூடாது என்பதே என் ஒரே விதி.

முகத்துக்கு ஒளி எங்கிருந்து வருகிறது? முற்றத்தின் நடுவில் நிற்பவருக்கு வானம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. சுற்றிலும் கூரை மறைப்பதால் பக்கவாட்டு வானம் தெரியாது. மேலிருந்து மட்டும் இறங்கும் ஒளி நெற்றியிலும் மூக்கிலும் விழுந்து கண்குழிகளை இருட்டாக்கும். மணப்பெண் தலைகுனிந்தால் முகம் முழுவதும் நிழல்தான். அவரைப் பின்னால் நகர்த்தித் தாழ்வாரத்தின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். இப்போது தலைக்கு மேல் கூரை. உச்சி ஒளி அறுபட்டுவிட்டது. எதிரே சாய்வாகத் தெரியும் வானமும் எதிர்ப்பக்கச் சுவரும் முன்னாலிருந்து ஒளி தருகின்றன. கண்களில் சிறு வெளிச்சப் புள்ளி தோன்றும். வானம் மிக அகன்ற ஒளிமூலம் என்பதால் நிழலின் விளிம்பு கூர்மையாக விழாது. கன்னத்திலிருந்து கழுத்துக்கு மெல்ல மங்கிச் செல்லும்.

இன்னும் இரண்டு அடி உள்ளே போனால் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து தெரியும் வானத்தின் பரப்பு குறைகிறது. குறைந்த அளவுக்கு ஒளியும் குறைகிறது. விளிம்பில் நிற்பவரின் முகத்துக்குச் சரியாக அளவு வைத்தால், பின்னால் இருக்கும் தூண்களும் கதவும் தாமாகவே இருளில் அமிழும். பின்புறத்தை மங்கலாக்கத் தனிக் கருவி எதுவும் தேவைப்படாது. கேமராவின் மேல் பொருத்திய பிளாஷ் இதற்கு நேர்மாறு. அதன் ஒளி தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்: 2 மீட்டரில் இருக்கும் மாப்பிள்ளை மீது விழுவதில் கால் பங்குதான் 4 மீட்டரில் நிற்கும் தாத்தாவுக்குக் கிடைக்கும். நிழல் விழுந்த முற்றத்திலோ, இரண்டு மீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கும் இருவர் மீதும் வானம் கிட்டத்தட்ட ஒரே அளவில் பொழிகிறது.

அடுத்தது வெயிலின் கால அட்டவணை. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி, நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இறவாரத்தின், அதாவது வெளியே நீளும் கூரை விளிம்பின், நிழல் சுவரடியோடு ஒட்டிக்கொள்ளும். தை மாதத் திருமணங்களுக்குச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிலைமை எவ்வளவோ மேல். இறவாரம் 4 மீட்டர் உயரத்தில், முற்றம் கிழக்கு மேற்காக 5 மீட்டர் அகலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிப்ரவரி தொடக்கத்தில் காலை 8 மணிக்குச் சூரியன் சுமார் 18 பாகை உயரத்தில் இருக்கும். முற்றத்துத் தரை முழுவதும் நிழல். மேற்குத் தூண்களின் மேற்பாதியிலும் அவற்றுக்குப் பின்னால் உள்ள சுவரிலும் மட்டும் வெயில். ஒன்பதரை மணிக்கு அது 38 பாகைக்கு ஏறுகிறது, வெயில் மேற்குத் தூண்களின் அடியைத் தொட்டுவிடுகிறது. பதினொரு மணிக்கு முற்றத்தின் பெரும்பகுதி வெயில். ஆகவே ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட முகூர்த்தம் அமைந்தால் படம் எடுப்பவருக்கு அது பெரும் பேறு.

அந்த நேரத்தில் மேற்குச் சுவர் செய்யும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுச் சுண்ணப் பூச்சு பல அடுக்குகளாகப் பூசப்பட்டு, கடைசி அடுக்குகளில் நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அது ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்; அதிலும் எல்லாத் திசைகளிலும் பரப்பி அனுப்பும். வெயில் நேராக விழும் வெள்ளைச் சுவரில் ஒரு துண்டும் தெளிந்த நீல வானத்தில் அதே அளவுள்ள ஒரு துண்டும் எடுத்து ஒப்பிட்டால், சுவரே சில மடங்கு பிரகாசமானது. சுவரைத் தொட்டு வரும் அந்த ஒளியில் வெயிலின் இளஞ்சூடான நிறமும் இருக்கும். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வது வழக்கம் என்பதால் சடங்கின்போது இந்தச் சுவர் அவர்களுக்குப் பின்னால் இருந்து கூந்தலிலும் தோளிலும் ஒளிக்கோடு வரையும். சடங்கு முடிந்ததும் இருவரையும் கிழக்குத் தாழ்வார விளிம்பில் மேற்கு நோக்கி நிறுத்தினால் அதே சுவர் முகத்துக்கு விளக்காகிவிடும். அமரும் திசையைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அதில் நாம் தலையிடக் கூடாது.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்ற அளவால் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நேர் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். நீல வானம் மட்டும் ஒளி தரும் நிழலில் அது 10,000 கெல்வின் வரை போகலாம். குத்துவிளக்குச் சுடரோ 2,000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. நிழலில் வேட்டி நீலம் பாய்ந்து தெரிய இன்னொரு காரணமும் உண்டு. சலவைத்தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடுகின்றன. வேட்டியை வெண்மையாக்கப் போய் வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) திருத்தினால் தோல் மஞ்சளடித்துவிடும். தோலுக்குத் திருத்துங்கள், வேட்டி கொஞ்சம் நீலமாகவே இருக்கட்டும். தங்கம் நீல ஒளியைப் பெருமளவு உறிஞ்சி மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும் உலோகம். ஆகவே வானத்து நீலத்திலும் நகரத்தார் மணப்பெண்ணின் தங்கத் தாலியான கழுத்துரு தன் நிறத்தை இழப்பதில்லை. அகன்ற வானம் அதன் வளைவுகளில் சீராகப் படர்ந்து வேலைப்பாட்டைக் காட்டும். பிளாஷ் அடித்தாலோ ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

முற்றத்தின் மேல் என்ன கட்டுகிறார்கள் என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடும். கீற்றுப் பந்தலின் இடுக்குகள் வழியே தரையில் வட்ட வட்டமாக விழும் வெயிலைக் கவனித்திருப்பீர்கள். இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருக்கும். ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். சிறு துளை ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா. ஒளி 3 மீட்டர் கடந்து வந்தால் பிம்பம் சுமார் 3 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பகுதிச் சூரிய கிரகணத்தன்று இவை எல்லாமே பிறைகளாக மாறும். அறிவியலாக எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஆனால் மணப்பெண்ணின் கன்னத்தில் விழுந்தால் படம் கெட்டது. கீற்றுக்கு அடியில் வெள்ளைத் துணியை மேற்கட்டியாகக் கட்டும் பழைய வழக்கம் இந்தப் பொட்டுகளைக் கரைத்து, முழுத் துணியையும் ஒளிமூலமாக்கிவிடுகிறது. சிவப்பும் மஞ்சளுமான சாமியானா வேண்டவே வேண்டாம். அந்தத் துணி நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். முகத்துக்கு வந்தே சேராத நிறத்தை எந்த மென்பொருளாலும் நேர்மையாகத் திருப்பிக் கொண்டுவர இயலாது.

தரையையும் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுட்டவை அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியவை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் பதிந்துவிடுகிறது. கேமராவைத் தாழ்த்தித் தரையையொட்டிச் சாய்வாகப் பார்த்தால் தரை வானத்தைப் பிரதிபலித்து வெளுக்கும், பூ வேலைப்பாடு மறையும். மேலிருந்து பார்த்தாலோ பிரதிபலிப்பைக் குறைக்கும் முனைவாக்க வடிகட்டியை (போலரைசர்) திருப்பிப் பிடித்தாலோ நிறம் மீண்டும் தெரியும்.

குத்துவிளக்கின் ஒளியில் முகம் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 1 லக்ஸ். ஐந்து திரிகள் போட்டாலும் 10,000 லக்ஸ் முற்றத்தில் அது முகத்தில் தெரியவே தெரியாது. வெயிலில் விரித்த வெள்ளை வேட்டி சுடரைவிடப் பிரகாசமானது. விளக்குப் படத்தை உள்ளறையிலோ, சூரியன் மறைந்த பிறகோ எடுங்கள். நம் அட்சரேகையில் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலானதும் வானம் கறுக்கத் தொடங்கிவிடும். வானமும் விளக்கும் ஒன்றையொன்று விழுங்காமல் இருப்பது அந்த இடைவெளியில் சில நிமிடங்கள்தான்.

ஓமம் வளர்ப்பார்களானால் புகைக்கு எதிர்ப்புறம் வெயில் இருக்குமாறு நில்லுங்கள். நுண்துகள்கள் ஒளியைப் பின்னோக்கி அனுப்புவதைவிட முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கின்றன. சூரியனைப் பார்த்தபடி நிற்பவருக்கு ஒளிக்கற்றை தெளிவாகத் தெரியும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு வெறும் மங்கல்தான்.

கணக்கெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். திருமணத்துக்கு முந்தைய நாள், அதே முகூர்த்த நேரத்தில் வளவில் போய் நில்லுங்கள். ஒரு நாளில் சூரியனின் பாதை மாறுவது அரைப் பாகைக்கும் குறைவுதான். இன்று வெயில் விளிம்பு எந்தக் கல்லில் நிற்கிறதோ, நாளை அதே நேரத்தில் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் அங்கேதான் நிற்கும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்து, மணப்பலகையை அதிலிருந்து இரண்டடி தள்ளிப் போடலாமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கோலம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.