இரைச்சலிலிருந்து ஒதுங்க ஓர் இடம்

ரயில் நிலையத்துக்குள் போன சில நிமிடங்களில் அறிவிப்பு, கூட்டத்தின் பேச்சு, விளக்கொளி எல்லாம் நம்மில் பலருக்கு உறைக்காமல் போய்விடும். மூளை அவற்றுக்குப் பழகிக்கொள்கிறது. ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள பலருக்கு இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு இதைக் காட்டியது. உறுத்தும் சத்தத்தையும் தோலை உரசும் துணியையும் திரும்பத் திரும்பத் தந்தபோது, புலன்கூச்சம் அதிகமுள்ள ஆட்டிசப் பிள்ளைகளின் அமிக்டலா, அதாவது ஆபத்தை உணர்த்தும் பகுதி, மற்றவர்களுக்குப் போலத் தணியவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் "கொஞ்ச நேரத்தில் பழகிடும்" என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, கட்டடம் என்ன செய்ய முடியும்? முதலில் சத்தம். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், தகரக் கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஒரு சத்தம் அடங்கும் முன் அடுத்தது வந்து சேர, அறிவிப்பு புரியாமல் போகிறது. புரியவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடுகிறது. ஒலியை உறிஞ்சும் துளையிட்ட கூரைப் பலகைகளைப் பொருத்தலாம். நாலைந்து பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பதில் சிறியவற்றை நெருக்கமாக வைத்து மெல்லிய ஒலியில் பேசவிடலாம். விளக்கும் அப்படித்தான். பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும்.

எகிப்தியக் கட்டடக்கலைஞர் மக்தா மொஸ்தஃபா ஆட்டிசத்துக்கான வடிவமைப்பை ஏழு கூறுகளாக வகுத்தார். ஒதுங்கும் இடமும், ஒரு சூழலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையே நின்று நிதானிக்கும் இடமும் அவற்றில் உண்டு. பள்ளி முழுவதையும் நிசப்தமாக்கிவிடக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். அதற்கே பழகிய பிள்ளை வெளியுலகில் திணறிப்போகும். வெவ்வேறு அளவு அமைதியுள்ள இடங்கள் படிப்படியாக இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும், உள்ள ஒருவருக்கு நடமாட்டமும் ஊஞ்சலும் தேவைப்படலாம், பக்கத்திலேயே இன்னொருவருக்கு அமைதி தேவைப்படலாம். ஒரே பூங்காவில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

பிரிட்டன் 2022இல் இப்படிப்பட்ட கட்டட வடிவமைப்புக்கென்றே பிஏஎஸ் 6463 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் அங்கீகரிக்கிறது. ஆனாலும் நம் பேச்சு பெரும்பாலும் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த பூங்காவைத் திட்டமிடும்போது, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படியும் எதிரே பாதை தெரியும்படியும் ஒரு பெஞ்சை ஓரமாகப் போடலாம். அப்புறம், நுழையும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, படங்களோடு ஒரு வரைபடத்தை வாசலில் வைக்கலாம்.