லை, லே: நாக்கு முந்திக்கொண்ட கதை

ஆங்கிலத்தில் படுப்பதற்கு ‘லை’ (lie) என்பதா, ‘லே’ (lay) என்பதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருந்தால் பாதி தீர்ந்தது. தானாகப் படுத்தால் ‘லை’. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினால் ‘லே’. திரும்பு, திருப்பு மாதிரிதான். ஆனால் ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’. ‘லே’யின் இறந்தகாலமோ ‘லெய்ட்’ (laid). ‘நேற்று சீக்கிரம் படுத்தேன்’ என்பதற்குப் பலர் ‘லெய்ட்’ போட்டுவிடுகிறார்கள். அங்கே ‘லே’தான் சரி. இங்கிலாந்துக்காரர்களே 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இதைக் குழப்பி வருகிறார்கள்.

இரண்டும் எப்படி ஒரே உருவமாயின? ஆங்கிலத்துக்கு மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியில் பிறவினை செய்ய ஒரு வழி இருந்தது. இறந்தகாலத்தில் வரும் ‘லக்’ என்ற வடிவத்தை எடுத்து, பின்னால் ‘யன்’ சேர்த்தால் ‘லக்யன்’, அதாவது கிடத்து. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ‘அ’ சொல்லும்போது நாக்கு தாழ்ந்து கிடக்கிறது. ‘ய’வுக்கு முன்னால் நகர்ந்து மேலே எழ வேண்டும். வரப்போகும் ‘ய’வுக்காக நாக்கு ‘அ’விலேயே எழத் தொடங்கியது. ‘அ’ மெல்ல ‘எ’ ஆனது. வேலை முடிந்ததும் ‘ய’ மறைந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் மிஞ்சியது ‘லெட்ஜன்’. அப்புறம் சில நூற்றாண்டுகளில் உச்சரிப்பு தேய்ந்து, பிறவினையும் பழைய இறந்தகாலமும் மறுபடி ‘லே’ என்ற ஒரே ஒலியில் வந்து சேர்ந்தன.

மறைந்துபோன ‘ய’ இருந்ததற்குச் சாட்சி உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர், அதே ஜெர்மானியக் குடும்பத்துக் கோதிக் மொழியில் பெயர்த்த பைபிளில் அது அப்படியே நிற்கிறது. அதன் புகழ்பெற்ற பிரதி ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

நம் வாயிலும் இந்த வேலை நடக்கிறது. இலையை ‘எலை’ என்கிறோம், உலகத்தை ‘ஒலகம்’ என்கிறோம். பின்னால் வரும் ‘ஐ’யும் ‘அ’வும் முன்னுள்ள உயிரைக் கீழே இழுக்கின்றன. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பாது. வட்டார வழக்குகளைப் பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும்.

உட்காரும் ‘சிட்’டிலிருந்து (sit) வைக்கும் ‘செட்’ (set) பிறந்ததும் இதே வழியில்தான். ‘ட்ரிங்க்’கிலிருந்து (drink) பிறந்தது ‘ட்ரெஞ்ச்’ (drench). இன்று தொப்பலாக நனைப்பது என்று பொருள்பட்டாலும், முதலில் அது குடிக்க வைப்பதைத்தான் குறித்தது. மாட்டுக்கு வாய்வழியாக மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவத்தில் இன்றும் ‘ட்ரெஞ்ச்’ என்றே சொல்கிறார்கள்.