பனிக்கு அடியில் பொறிவண்டு

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மே மாதம் முடியும்போது வெயில் ஏறும், செடிகள் காயும், செடிச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அருகிவிடும். அசுவினியைத் தின்றே வளர்ந்த பொறிவண்டுகளுக்கு அதற்குமேல் அங்கே பிழைப்பில்லை. கூட்டங்கூட்டமாகக் கிளம்பி சியரா நெவாடா மலைக்குப் பறந்துவிடுகின்றன. திரும்பி வர அடுத்த பிப்ரவரி ஆகும்.

இந்த இனத்தின் பெயர் ஹிப்போடாமியா கன்வர்ஜென்ஸ். மலையில் கிடைக்கும் மகரந்தத்தைத் தின்று முதலில் உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொள்கிறது. பிறகு ஓடைக்கரைச் சருகுகளுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிவிடுகிறது. சருகை விலக்கினால் யாரோ குன்றிமணியைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும்.

பனிக்காலத்தில் பூச்சிக்கு எமன், உடம்புக்குள் உறையும் நீர்தான். பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஆனால் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்தே தீரும் என்று கட்டாயம் இல்லை. படிகம் உருவாக ஒரு தூசியோ துகளோ பிடிமானமாக வேண்டும். அது இல்லாத சுத்தமான நுண்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே இருக்கும். மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் அசையாமல் வைத்து, உறைவதற்குச் சற்று முன் எடுத்து மேசையில் தட்டிப் பாருங்கள். நேரம் சரியாக வாய்த்தால் கண்ணெதிரே மளமளவென்று வெண்மை பரவும்.

பூச்சியின் குடலில் மிச்சமிருக்கும் உணவுத் துணுக்கு, மண், பாக்டீரியா எல்லாம் அப்படிப்பட்ட பிடிமானங்களே. அதனால் குளிருக்கு முன் பல பூச்சிகள் வயிற்றைக் காலி செய்துவிடுகின்றன. கூடவே கிளிசராலையும் உடம்பில் பெருக்கிக்கொள்கின்றன. இருமல் மருந்தில் இனிப்பாய், கெட்டியாய் இருக்குமே, அதேதான். இது உறைநிலையை இன்னும் கீழே தள்ளும். மேலே விழும் பனியும் ஒருவகையில் கம்பளிதான். தடித்த பனிக்கு அடியில் தரையின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

இத்தனை ஏற்பாட்டையும் குளிர் வந்தபின் தொடங்க முடியாது. ஐரோப்பாவின் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி பகல் குறுகுவதை வைத்தே காலத்தைக் கணிக்கிறது. இலையுதிர்காலத்தில் அதன் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிறது, காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்க வசதியாக. வசந்தத்தில் மறுபடி பச்சை!

குளிர் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதிலும் ஆபத்து உண்டு. வெதுவெதுப்பான பனிக்காலத்தில் உடல் சற்று வேகமாக இயங்கும். வசந்தம்வரை வரவேண்டிய கொழுப்பு பாதியிலேயே தீர்ந்துபோகலாம்.

மலையில் குவிந்து கிடக்கும் இந்தப் பொறிவண்டுகளை அள்ளி, பையில் போட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கும் வியாபாரமும் அமெரிக்காவில் உண்டு. வாங்கியவர் அசுவினி மண்டிய ரோஜாச் செடியில் ஆசையாகக் கொட்டுகிறார். ஒடுக்கம் கலைந்ததும் முதலில் நெடுந்தூரம் பறப்பதுதான் அந்த வண்டுகளின் வழக்கம். ஓரிரு நாளில் பெரும்பாலானவை செடியில் இருக்காது.