சதுர விநாடியும் ஐந்து நட்டுகளும்

ஒன்பதாம் வகுப்பு மகளுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சதுர மீட்டர் புரிகிறது. முடுக்கத்துக்கு மீட்டர்/விநாடி² என்று போட்டிருக்கிறார்களே, சதுர விநாடி என்றால் என்ன சார்?"

அப்படி ஒன்று கிடையாது. அது வெறும் சுருக்கெழுத்து. முடுக்கம் என்றால் வேகம் கூடும் வீதம். மாதாமாதம் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டித் தரும் முதலாளி ஒருவர் அமைந்தால், அந்தக் கூடுதலை 1,000 ரூபாய்/மாதம்² என்றே எழுதலாம். சம்பளம் மாதக் கணக்கு. அது கூடுவதும் மாதக் கணக்கு. கல் விழும்போதும் இதேதான்: விநாடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவு வேகம், விநாடிதோறும் ஏறுகிறது. பாடப்புத்தகத்தின் மூன்று சமன்பாடுகளும் இதிலிருந்து வருபவைதான், அவற்றை மகளே ஒப்பிப்பாள்.

எனக்குப் பிடித்தது வேறு. காற்றின் தடையை மறந்துவிட்டுப் பார்த்தால், விழும் கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் போகும். இரண்டாவது விநாடியில் மட்டும் 14.7. மூன்றாவதில் 24.5. எல்லாவற்றையும் 4.9ஆல் வகுங்கள்: 1, 3, 5. அடுத்து 7, 9. எங்கிருந்து வந்தன இந்த ஒற்றைப்படை எண்கள்? வேகம் சீராக ஏறுவதால் முதல் விநாடியின் சராசரி வேகம், அந்த விநாடி முடிவில் இருக்கும் வேகத்தில் பாதி. அடுத்ததில் அதே வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு, பிறகு இரண்டரை மடங்கு. அரை, ஒன்றரை, இரண்டரை என்பதை இரட்டித்தால் 1, 3, 5. இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9. கோலப்புள்ளி வைத்துப் பாருங்கள்: மூலையில் ஒரு புள்ளி, அதை ஒட்டி 'ட' வடிவில் மூன்று, அதையும் ஒட்டி ஐந்து. ஒவ்வொரு முறையும் ஒரு சதுரம் நிறையும்.

1604இல் கலீலியோ தன் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஒற்றைப்படை விதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. கடந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்று நினைத்திருந்தார். நேரத்துக்கு ஏற்ப என்பது பிறகுதான் பிடிபட்டது.

விநாடியை நம்பி அளக்கக் கடிகாரம் இல்லாத காலத்தில் எப்படி அளந்தார்? நேராக விழும் குண்டைப் பிடிக்க முடியாது என்பதால் சாய்ந்த பலகையில் உருட்டினார். ஈர்ப்பின் ஒரு பங்குதான் அங்கே வேலை செய்யும். முடுக்கம் குறையும், ஆனால் மாறாமல் இருக்கும். பாத்திரத்திலிருந்து மெலிதாக ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரம் கணித்ததாக 1638இல் வெளியான நூலில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை நம்பவில்லை. 1961இல் தாமஸ் செட்டில் என்ற ஆய்வாளர் அதேபோல் செய்துபார்த்து, நடக்கக்கூடியதுதான் என்று காட்டினார்.

ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் இன்னொரு யோசனை சொன்னார். கலீலியோவின் தந்தை லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர். வீணையில் தந்தியை அழுத்தும் இடங்களில் குறுக்கே இருக்கும் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை; லூட்டிலோ கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புதான் மெட்டு, நகர்த்தலாம். அதேபோல் பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, உருளும் குண்டு எழுப்பும் 'டக் டக்' ஒலி தாளம் பிசகாமல் வரும்வரை அவற்றை நகர்த்தியிருக்கலாம் என்றார். எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு ஏற்கத்தான் ஆசை. கடிகாரம் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே!

நீங்களும் கேட்கலாம். நூலில் ஐந்து இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள். இடைவெளிகள் கீழிருந்து 10, 30, 50, 70 சென்டிமீட்டர். கீழ் நட்டு எவர்சில்வர் தட்டைத் தொட்டிருக்க, ஸ்டூல்மேல் ஏறி நூலை நேராகப் பிடித்து விடுங்கள். விநாடியில் ஏழில் ஒரு பங்குக்கு ஒன்றாக, சீராக நான்கு அடி விழும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தின் சாவியும் வேண்டாம். ஆனாலும் பள்ளியில் சமன்பாட்டைத்தான் பத்துத் தடவை எழுதச் சொல்கிறோம்.

பிறகு நட்டுகளை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் மாற்றிக் கட்டி விடுங்கள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அந்த நூல், காதுக்கு அடிக்கு அடி அவசரப்படும்.