நெய் கெட்டிலுக்குப் பின்னால் ஒழுகும் எரிபொருள்

நீராவியால் நெய் காய்ச்சும் பெரிய கலனான கெட்டிலுக்குப் பின்புறம், குனிந்து எட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், நீராவியைத் தடுத்து அது குளிர்ந்த நீரை மட்டும் வெளியேவிடும் ஸ்டீம் ட்ராப்புக்குப் பக்கவழியாக ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். அதன் கைப்பிடியில் துணி சுற்றியிருந்தால், மூடியிருக்க வேண்டிய வால்வை யாரோ நாள்தோறும் கைசுடத் திறக்கிறார் என்று பொருள். சென்ற வாரம் நான் தணிக்கைக்குப் போன ஆலையில் அந்தத் துணி கருகிக் கைப்பிடியோடு ஒட்டிப்போயிருந்தது. சுவருக்கு அப்பால் வடிகாலிலிருந்து நீராவி வெண்மையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தபோது, கெட்டில் சீக்கிரம் கொதிப்பதில்லை என்றும், ஆகவே பாய்லர் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 7 பாருக்கு உயர்த்திவிட்டதாகவும் சொன்னார்கள். இந்த ஓர் ஆண்டில் இதே பதிலை நான் கேட்பது ஐந்தாவது முறை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அழுத்தத்தைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும், விரைவில் முடிந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை பல ஆலைகளில் வேரூன்றியிருக்கிறது. இதன் முற்பாதியில் சிறிது உண்மை உண்டு, பிற்பாதியில் ஏதுமில்லை. அழுத்தமானி (கேஜ்) 3 பார் காட்டும்போது நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 144 டிகிரி செல்சியஸ். 7 பாரில் அது 170 டிகிரி. ஆனால் ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது விட்டுச்செல்லும் உள்ளுறை வெப்பம் 3 பாரில் சுமார் 2,130 கிலோஜூல். 7 பாரில் அது சுமார் 2,050 கிலோஜூலாகக் குறைகிறது. அது மட்டுமன்று, ட்ராப்பைத் தாண்டித் திறந்த வெளிக்கு வரும் சுடுநீரில் 3 பாரில் நூற்றுக்கு 8 பங்கு மீண்டும் ஆவியாகிப் பறக்கும். 7 பாரில் 13 பங்கு பறக்கும். அழுத்தத்தை உயர்த்தியவர் முன்பைவிட அதிகமான வெப்பத்தை வடிகாலுக்குள் செலுத்தியிருக்கிறார்.

கெட்டிலுக்குள் எரிபொருளைத் தின்பது எது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 கிலோ வெண்ணெயில் சுமார் 160 கிலோ நீர் இருக்கிறது. அதைக் கொதிநிலையில் ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 100 கிலோவாட் மணி வெப்பம் தேவை. அத்தனை கொழுப்பையும் உருக்கிச் சூடேற்றுவதற்கு அவ்வளவு ஆவதில்லை. நீர் இருக்கும்வரை வெப்பமானி 100 டிகிரியைச் சற்றே தாண்டி அங்கேயே நிற்பது இதனால்தான். அந்த நிலையைக் கண்டு பொறுமையிழந்து வால்வை மேலும் திறப்பவர்கள், நீர் தீர்ந்தவுடன் வெப்பநிலை விறுவிறுவென ஏறுவதைத் தடுக்க முடியாமல், அடியில் தங்கியுள்ள புரதப் பிசுக்கைக் கெட்டிலின் சுவரிலேயே கருக்கிவிடுகிறார்கள். அந்தப் பழுப்புப் படலம் வெப்பத்தை உள்ளே விடாது. அடுத்த முறை கெட்டில் இன்னும் மெதுவாகக் கொதிக்கும். வால்வு இன்னும் திறக்கப்படும். நான் பார்த்த கெட்டிலில் அந்தப் படலத்தை நகத்தால் கீறினால் செதிலாகப் பெயர்ந்து வந்தது.

ஆவியாக்க வேண்டிய நீரைக் குறைப்பதுதான் நேரான வழி. வெண்ணெயை 80 முதல் 85 டிகிரியில் உருக்கி, அரை மணி நேரம் அசையாமல் விட்டால், நீர் அடியில் மோராகத் தங்கும். அதை வடித்த பிறகே காய்ச்சத் தொடங்கலாம். முக்கால் பங்கு நீர் வடிந்தால் மேலே சொன்ன 100 என்பது 25 ஆகிவிடும். மோரோடு சேர்ந்து மணம் தரும் திடப்பொருளும் போய்விடுகிறதே என்று நெய் காய்ச்சுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு வடிக்கலாம் என்பதை அவரவர் சரக்கின் மணத்தை வைத்துச் சோதித்து முடிவு செய்யட்டும். சோதிக்காமலே மறுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாலேட்டிலிருந்து நேரடியாகக் காய்ச்சுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது: 40 சதவீதக் கொழுப்புள்ள பாலேட்டில் பாதிக்கு மேல் நீர்தான்.

கெட்டில் மெதுவாகக் கொதிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் சந்தேகிப்பதே இல்லை. காலையில் நீராவி திறக்கும்போது கெட்டிலைச் சுற்றியுள்ள நீராவி உறையான ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அது உள்ளேயே நின்றுவிடும். உள்ளே கால் பங்கு காற்று இருந்தால் கேஜ் 3 பார் காட்டினாலும் நீராவியின் வெப்பநிலை 144 அன்று, சுமார் 134 டிகிரிதான். கேஜைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். காற்றுப்போக்கி அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி ட்ராப்பைத் தாண்டி வரும் அந்தச் சுடுநீர். பாய்லருக்குப் போகும் நீரின் வெப்பநிலை 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. சுத்திகரித்த, 90 டிகிரிச் சூடுள்ள நீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுக் குளிர்ந்த நீரை மீண்டும் பாய்லரில் ஏற்றுவதற்கு ஒரே நியாயமான காரணம், ஜாக்கெட்டில் விரிசல் விட்டுக் கொழுப்பு கலந்துவிட்டால் பாய்லர் நுரைக்குமே என்ற அச்சம். அந்த அச்சத்துக்குக் கலங்கல் அளக்கும் கருவி இருக்கிறது. மின்கடத்துதிறன் அளவியை மட்டும் நம்ப வேண்டாம், கொழுப்பு மின்சாரத்தைக் கடத்தாது.

குளிர்பதனப் பக்கத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளை மறுநாள் உருக்கப்போகும் வெண்ணெயை இன்று மைனஸ் 18 டிகிரியில் உறையவைக்காதீர்கள். உறையவைக்க மின்சாரமும், உருக்க எரிபொருளும் செலவாகின்றன. உற்பத்திப் பிரிவும் கிடங்குப் பிரிவும் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டாலே இது தீரும்.

குழாய் கழுவுவோருக்கும் ஒரு வார்த்தை. பால் கொழுப்பு முழுவதும் உருக ஏறத்தாழ 40 டிகிரி வேண்டும். முதல் அலசலுக்குப் பச்சைத் தண்ணீரை விட்டுக் கொழுப்பைக் குழாயின் உட்சுவரில் உறையவைத்துவிட்டு, பிறகு காரக் கரைசலை 80 டிகிரிக்குச் சூடேற்றி இரட்டை நேரம் ஓட்டுவதை நிறுத்துங்கள். முதலிலேயே 50 டிகிரி நீர் போதும்.

பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: பைபாஸைத் திறந்த தொழிலாளியைத் திட்டாதீர்கள். கெட்டிலை ஓட்ட அவருக்கு வேறு வழி விடப்படவில்லை. ஒவ்வொரு ட்ராப்புக்கும் எண் எழுதிய தகடு மாட்டுங்கள், மாதம் ஒருமுறை ஒலி கேட்டும் வெப்பம் அளந்தும் சோதியுங்கள், பழுதானதை அன்றே மாற்றுங்கள். சென்ற வாரம் பார்த்த அந்த ட்ராப்பைக் கழற்றியபோது, உள்ளே வடிகட்டி வலை துருவால் முற்றிலும் அடைபட்டிருந்தது. வலையை மாற்றி, காற்றை வெளியேற்றி, கெட்டிலின் படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகு, மறுநாள் அதே கெட்டில் 3 பாரிலேயே கொதித்தது.