ஆடிக் காற்றில் ஏறி வரும் அயோடின்

ஆடி மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் போனால் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் அந்தக் காற்று, அரபிக்கடலைத் தடவிவிட்டு வருவது. ஈரத்தோடு துளியளவு அயோடினையும் அது தூக்கி வருகிறது. கடல்நீரில் கரைந்து கிடப்பது காற்றில் ஏறுவது எப்படி?

ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடினோ வெறும் 60 மைக்ரோகிராம் அளவுதான். எந்தப் பெருங்கடலில் மொண்டாலும் இந்த மொத்தம் அதிகம் மாறாது. மாறுவது அதன் வடிவம். ஆக்சிஜனோடு பிணைந்திருந்தால் அயோடேட். தனி அயனியாக இருந்தால் அயோடைடு.

ஆக்சிஜன் கரைந்த நீரில் எல்லாமே அயோடேட்டாக இருக்க வேண்டும் என்கிறது வேதியியல் கணக்கு. ஆழ்கடலில் கிட்டத்தட்ட அப்படித்தான். மேற்பரப்பில் மட்டும் கணக்கு உதைக்கிறது: வெப்பமண்டலக் கடல்களில் பாதி வரைகூட அயோடைடு. நீரில் மிதக்கும் நுண்பாசிகள்தான் இதில் முக்கியப் புள்ளி. அவை அயோடேட்டை எதற்காக அயோடைடாக மாற்றுகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அயோடைடு திரும்ப அயோடேட்டாவதற்கோ மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட ஆகும். வெப்பமண்டலத்தில் சூடான மேல்நீர் பாலாடை போல மிதக்கும். அடியிலுள்ள குளிர்நீரோடு எளிதில் கலக்காது. அதனால் அயோடைடு மேலேயே சேர்ந்துகொண்டு போகிறது. துருவங்களை நெருங்கினால் குளிர்காலம் கடலையே கலக்கிவிடும், அயோடைடும் குறைந்துவிடும்.

இந்த மேல்நீரைக் காற்றிலுள்ள ஓசோன் தொட்டதும் அயோடைடு வினைபுரிந்து, அயோடின் வாயுவாகவும் ஹைப்போஅயோடஸ் அமிலம் என்ற அயோடின் சேர்மமாகவும் கிளம்புகிறது. அப்புறம் காற்றும் மழையும் சுமந்து வருகின்றன.

“கல்லுப்பும் கடல்ல இருந்துதானே வருது கண்ணு, அதுல இருக்காதா?” என்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கேட்டார். நல்ல கேள்வி. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏழில் ஒரு பங்கு லிட்டர் கடல்நீர் போதும். அதிலுள்ள அயோடின் முழுவதும் உப்போடு வந்தாலும் 9 மைக்ரோகிராம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150. அந்த ஒன்பதும் முழுதாக வராது. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் நீரோடு பெரும்பகுதி போய்விடும்.

அதனால்தான் பொட்டல உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். அயோடைடைச் சேர்த்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது மெல்ல மெல்ல அயோடினாகிப் பறந்துவிடும். கடலிலிருந்து காற்றேறும் அதே குணம்.

“சரி, கொழம்புக்குப் பொட்டல உப்பு வாங்கிட்டு வா” என்றார் அம்மிச்சி. “ஊறுகாய்க்குக் கல்லுப்புத்தான்.”