இரண்டு ஆண்டுகளே கையிலுள்ள பயிற்சியாளர்

கலிபோர்னியாவில், இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல வழிசெய்யும் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பால் ஆடும் மகளோடு வரும் தமிழ்ப் பெற்றோரின் முகத்தில் தெரியும் தயக்கம் நன்றாகப் பழகிவிட்டது. நான்காண்டுப் பல்கலைக்கழகம் எதுவும் மகளை அழைக்கவில்லை என்ற வருத்தத்தோடு வருபவர்கள், இங்கே பயிற்சியளிப்பவரும் மேலே போக வழியில்லாமல் தங்கிவிட்டவர்தானே என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்த விளையாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினாலே அந்தக் கணக்கு பிசகிவிடும்.

மைக் கேண்ட்ரியா பயிற்சியளித்த சென்ட்ரல் அரிசோனா கல்லூரி அணி, ஜூனியர் கல்லூரிகள் என்றும் அழைக்கப்படும் இந்த இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து வென்றது. அதன் பிறகே அரிசோனா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், 2021இல் ஓய்வு பெறுவதற்குள் அங்கே எட்டு தேசியப் பட்டங்களை வென்றார். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 51 ரன்கள் குவித்து, எதிரணிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ரன்னை மட்டும் விட்டுக்கொடுத்துத் தங்கம் வென்ற 2004ஆம் ஆண்டு அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர். பேட்டி காசோ, எல் கமினோ என்ற கம்யூனிட்டி கல்லூரியில் ஆடியவர். 1990 முதல் லாங் பீச் சிட்டி கல்லூரியில் பயிற்சியளித்தவர். 1995 ஆட்டப் பருவத்தில் அவர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது அந்த அணிக்கென்று மைதானம்கூடக் கிடையாது. நகரப் பூங்கா ஒன்றில்தான் ஆடினார்கள். 2000இல் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றவர், 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்று, மொத்தத்தில் எட்டு பட்டங்களைத் தொட்டுவிட்டார்.

இவர்கள் இருவரும் கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு வீராங்கனையை, ஆண்டுக்கு ஒன்றாக நான்கு ஆட்டப் பருவங்கள் வைத்து வளர்க்கலாம். இங்கோ இரண்டே பருவங்கள்; ஒவ்வோர் ஆண்டும் அணியில் ஏறத்தாழப் பாதிப் பேர் விடைபெற்றுப் போய்விடுவார்கள். மற்றவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்ட பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதை விரைவாகக் கண்டுபிடிக்கும் கண் இல்லாதவர் இந்த வேலையில் நிலைக்க முடியாது. பட்டம் வென்று மேலே போனவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரே கல்லூரியில் பணிக்காலம் முழுவதையும் கழிப்பவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. என்னைக் கேட்டால், பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவர்கள் இவர்களைத்தான்.

காலையில் உடற்கல்வி வகுப்பு எடுக்கும் அதே ஆள்தான், மதியம் மைதானத்து மண்ணைச் சமன்படுத்திக் கோடு போட்டுவிட்டு, பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பந்தெறியும் பெண்ணின் வீச்சை ஒவ்வொன்றாக வாங்குகிறார். எறியும் இடத்துக்கும் மட்டை பிடிப்பவருக்கும் இடையே 43 அடிதான்; மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். கை முழு வட்டமாகச் சுழலும் அந்த வீச்சில் விரல்கள் பந்தை விடும் கணம் இம்மியளவு பிந்தினாலும் பந்து மேலேறிவிடும் என்பதால், வேகத்தை மறந்துவிட்டு மணிக்கட்டை மட்டும் பார்க்கச் சொல்லி வாரக்கணக்கில் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பப் போட வைப்பார்கள்.

நான் அவர்களைச் சந்திப்பது பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியேதான். ஆணிக்காலணியில் மண் ஒட்டியபடி நிற்கும் மாணவியை அழைத்துவந்து, “இவளுடைய கல்வித் திட்டத்தைப் பாருங்கள், இந்தக் கணக்குப் பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லுமா?” என்று கேட்கும் பயிற்சியாளரைக் கண்டால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைப் பொறுத்து இத்தனை யூனிட் என்று கணக்கு உண்டு. கலிபோர்னியாவில் ஆட்டப் பருவத்தின்போது ஆடுவதற்கு 12 யூனிட் படித்துக்கொண்டிருக்க வேண்டும்; இரண்டாம் ஆட்டப் பருவத்துக்கு முன் 24 யூனிட்டை முடித்திருக்க வேண்டும்; மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக மட்டும் எளிதான பாடங்களை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு, அங்கே ஏற்கப்படும் யூனிட் போதவில்லை என்று தெரிந்து தவிக்கும் பிள்ளைகள் உண்டு. மட்டையடியில் குறையிருந்தால் ஒரு கோடையில் சரிசெய்யலாம். யூனிட் குறைந்தால் ஓராண்டே கைநழுவிப் போகும்.

ஆகவே, ஒரு பயிற்சியாளரைச் சந்திக்கும்போது எத்தனை ஆட்டங்கள் வென்றீர்கள் என்ற கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் இரண்டு பருவங்களை முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆடுகளத்தில் வாய்ப்புக் குறைவாகக் கிடைத்த மாணவி எங்கே போனாள் என்றும் கேளுங்கள். நல்ல பயிற்சியாளருக்கு அந்த விடையும் தெரிந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணமே பெரிய உதவிதான். பிற மாநிலங்களின் ஜூனியர் கல்லூரிகள் போட்டிகளுக்காக மூன்று பிரிவுகளாக உள்ளன; அவற்றில் முதல் இரண்டு பிரிவுகளில் உதவித்தொகை உண்டு, மூன்றாம் பிரிவில் இல்லை.

அழைப்பு வரும் என்று காத்திருப்பதும் சரியல்ல. கல்லூரியின் வட்டாரத்துக்கு வெளியே வசிக்கும் மாணவி என்றால், முதல் தொடர்பை அவளே ஏற்படுத்த வேண்டும் என்பது இங்குள்ள விதி. பள்ளி இறுதியாண்டின் வசந்த காலத்திலேயே, மதிப்பெண் பட்டியலையும் சிறிய காணொளி ஒன்றையும் இணைத்துப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ எழுதிக்கொடுக்காமல், அவளே தன் சொற்களில் எழுதட்டும்.